சுரண்டிய எழுத்து

1

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது. எருசலேமில் நான் வேலை பார்க்கும் அறையில், சாக்கடல் குகைகளிலிருந்து வந்த தோல் சுருள்களின் துண்டுகளைப் பாதுகாக்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டு விலகித் தனியே வாழ்ந்த ஒரு யூதப் பிரிவினரின் சட்டங்களும் அவற்றில் உண்டு. கூட்டத்தில் அசட்டுத்தனமாகச் சிரித்தவனுக்குத் தண்டனை என்கிறது ஒன்று. யாரோ ஒருவன் சிரிக்காமல் அப்படி ஒரு விதி வந்திருக்காது என்று பட்டது.

முதல் தொடக்கம்: ‘பாலைவனத்தில் சூரியன் உதித்தபோது எல்நாத்தான்...’ (வேண்டாம். அங்கே சூரியன் தினமும்தான் உதிக்கிறது.)

2

எல்நாத்தான் தோல் பதனிடுகிறவன். அவன் பதனிட்ட தோலில் எழுதுகிறவன் யோயேசர். இருவரும் நண்பர்கள். ஒரு நாள் கூட்டத்தில் தலைவர் புதுச் சுருளைப் படித்தார். ‘ஒளியின் பிள்ளைகளே’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘தோலின் பிள்ளைகளே’ என்று இருந்தது. எங்கள் எபிரேயத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தலைவர் கவனிக்காமல் படித்துக்கொண்டே போனார். எல்நாத்தான் சிரித்துவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் யோயேசர் கத்தியால் அந்த எழுத்தைச் சுரண்டித் திருத்தினான். (சூது ஒன்றுமில்லை. பிழையைக் கண்டால் எழுதுகிறவன் கை சும்மா இராது. இந்த வரியை நானே இன்னும் முழுதாக நம்பவில்லை.)

மறுநாள் விசாரணை.

“நீங்க ‘தோல்’னுதான் படிச்சீங்க ஐயா. சுருளப் பாருங்க,” என்றான் எல்நாத்தான்.

பார்த்தார்கள். ‘ஒளி’ என்றே இருந்தது. சிரிப்போடு பொய்க்குற்றமும் சேர்ந்துகொண்டது. யோயேசர் பேசாமல் நின்றான். எல்நாத்தானின் ரொட்டியைக் குறைத்தார்கள். வெளியார் உணவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அவன். பக்கத்து ஊரான எரிகோவுக்கு ஓடிப்போனாலும் எதையும் வாயில் வைக்கமுடியாது.

3

கூட வேலை பார்க்கும் ரைசாவிடம் இதுவரை படித்துக்காட்டினேன்.

“இதெல்லாம் அங்கதான் எழுதினதுன்னு யாரு சொன்னா? எருசலேம்லேருந்து கொண்டுபோய் ஒளிச்சு வெச்சதுன்னும்தான் சொல்றாங்க. உன் யோயேசர் அங்க இருந்தானாங்கறதே நிச்சயமில்ல.”

“கொஞ்சம் அங்கயும் எழுதியிருக்கலாம் இல்ல?”

“இருக்கலாம். அந்தக் கொஞ்சத்துல போய் ஒளிஞ்சுக்கோ.” பிறகு கேட்டாள்: “சரி, அவன் பசியில கெடக்கறப்போ இவன் என்னதான் பண்ணினான்?”

அதை நான் எழுதியிருக்கவில்லை.

4

எழுதினேன். யோயேசர் பதனிடும் தொட்டிக்குப் போனான். எல்நாத்தானின் முகம் வற்றிப்போயிருந்தது.

“நான்தான்டா சுரண்டினேன்.”

“தெரியும். தோல் என்னோடது. சுரண்டின எடம் எனக்குத் தெரியாதா?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

முடிவு ஒன்று: இருவரும் சேர்ந்து எரிகோவுக்கு... (அடித்துவிட்டேன்.) முடிவு இரண்டு: தலைவர் மன்னிக்கிறார். (அவரை எனக்கு அவ்வளவு நல்லவராகத் தெரியாது.)

அன்று மாலை பந்தி. யோயேசர் முன்னால் முழு ரொட்டி. கடைசி இடத்தில் எல்நாத்தான், குறைத்த ரொட்டியோடு. தலைவர் ஆசீர்வாதத்தை முடித்தார். எல்லோரும் ‘ஆமென்’ சொல்லவேண்டிய நேரம். யோயேசர் வாயைத் திறந்தான்.

என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் ‘ஆமென்’ என்றுதான் எழுதுவேன். அவன் இடத்தில் இருந்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.