நாய் மூக்கில் எக்ஸ்ரே

பல் மருத்துவமனையின் வரவேற்புக் கணினியை நேற்று நான்தான் ஒழுங்குபடுத்தினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே உதவுவது என் தீராத வியாதி.

அங்கே ஒரு மாதமாகத் தற்காலிக வேலை பார்ப்பவர் என் அண்ணி. வேலை நிரந்தரமா இல்லையா என்று டாக்டரம்மா இன்று சொல்ல வேண்டும். அண்ணியின் திரையில் முழுசாக ஒரு நாய்ப்படம், அதன் மேல் கண்டபடி ஐகான்கள். கணினி பழுது பார்க்கும் எனக்குக் கண் கூசியது. நாயைத் துரத்திவிட்டு நீல நிறம் பூசினேன். நிரல்களையெல்லாம் ஒரு மெனுவுக்குள் அகரவரிசையில் அடுக்கினேன். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "பிரமாதம்டா" என்றான். திறந்து பார்த்தானா என்பது சந்தேகம்.

காலையில் அண்ணியிடமிருந்து போன். ஓடினேன். கன்னம் வீங்கிய ஒருவர் மேசையைப் பிடித்தபடி நின்றார்.

"எக்ஸ்ரேவ எங்க தம்பி வச்சீங்க?"

"மெனுல பாருங்க அண்ணி. ரேடிக்ஸ்னு இருக்கும்."

"அதுக்குப் பேரு வேற இருக்கா? நான் நாய் மூக்கைத்தானே அழுத்துவேன்!"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஒரு மாசமாச்சு, இன்னும் எக்ஸ்ரே எங்கன்னு தெரியலையா?"

அண்ணி மெனுவை மேலும் கீழும் உருட்டினார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் சுட்டது.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர். நான்தான் எல்லாத்தையும் மாத்தி வச்சேன்."

"அப்ப நீங்களே எடுத்துக் கொடுங்க."

முப்பத்திரண்டு பெயர்கள். என் மெனுவில் நானே இரண்டு முறை வழி தவறினேன்.

"மெதுவா தேடுங்க தம்பி, அதுக்குள்ள வீக்கமே வத்திடும்" என்றார் கன்னக்காரர்.

தோற்றுப்போய் நாயைத் திரும்பக் கூப்பிட்டேன். ஐகான்களை அண்ணியே இடம் பார்த்து வைத்தார். காதில் பதிவு, மூக்கில் எக்ஸ்ரே, முன்னங்காலில் மருந்துச் சீட்டு. நோயாளி நடக்கிற வழியிலேயே அண்ணியின் விரலும் நடந்தது. கன்னக்காரர் உள்ளே போனார்.

டாக்டரம்மா திரையையே பார்த்தார். "நாளைக்கு வந்து நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடுங்கம்மா. நாய் இருக்கட்டும். இவர் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்."

நான் கருக விட்ட தோசைக்கும் "பரவாயில்ல தம்பி" என்பவர் அண்ணி. அந்த தைரியத்தில் கேட்டேன்: "மெனு நல்லாத்தானே அண்ணி இருந்துச்சு?"

"இல்ல தம்பி. உங்களுக்குப் பேரு தெரியும், எனக்கு வேலை தெரியும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."