இரண்டு மணல் மூட்டைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். பொய்யில்லை. அந்தக் கோபமும் வீம்பும்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் தள்ளின. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்கு மனசு மாறிவிடக் கூடாது.

தாராவியில் காடி ஓரம் என் பட்டறை. கடல் உள்ளே புகுந்து நிற்கும் சேற்றுத் தண்ணீரைத்தான் பம்பாயில் காடி என்போம். கட்டில், பெட்டி, தோல் கிடங்குக்குச் சட்டம் என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் யாராவது பேர் கேட்டால் "வள்ளம் கட்டுற ஜெயினுலாப்தீன்" என்றுதான் சொல்வேன். கீழக்கரையில் என் வாப்பா கட்டிய அதே வள்ளம், நாலு பேர் துடுப்புப் போடும் இருபத்திரண்டு அடி. எங்களுக்குப் படம், காகிதம் கிடையாது. ஒரு மரக்கோல்தான் கணக்கு. கோல் இரண்டு அடி. நீளம் பதினொரு கோல், அகலம் இரண்டரைக் கோல், ஆழம் ஒரு கோல். பலகையின் வளைவு வரைக்கும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

சுடலை வந்தது மில் ஸ்டிரைக்கில் வேலை போன பிறகு. திருநெல்வேலிக் கடற்கரையில் துடுப்புப் போட்டு வளர்ந்தவன், பதினாறு வருஷம் தறி ஓட்டிவிட்டு மறுபடி வலையைத் தூக்க நினைத்தான்.

"பாய், நாலு ஆளுக்கு நான் எங்க போவேன்? நானும் எம் பொண்டாட்டி கனகவள்ளியுந்தான். ஒத்த ஆளு துடுப்புப் போடுத மாதிரி அதே வள்ளத்தைச் சின்னதாக் கெட்டித் தருவியளா?"

"இதென்னவே பெரிய காரியம்?" என்றேன்.

எனக்கு அது பெரிய காரியமாகவே படவில்லை. கோலைக் குட்டையாக்கினால் வள்ளமும் குட்டையாகும், அவ்வளவுதானே? பதிமூன்று அங்குலத்தில் புதுக் கோல் ஒன்று வெட்டினேன். அதே பதினொன்று, அதே இரண்டரை, அதே ஒன்று. விலா எலும்பு மாதிரி சட்டங்கள் ஏறியதும் பார்க்க அத்தனை அழகு. வாப்பாவின் வள்ளத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. கோலிவாடா மீன்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டி, பம்பாயில் வேறு எவனுக்காவது இது வருமா என்று பீற்றிக்கொண்டேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சுலைகா வள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வள்ளம் சின்னதாகிருச்சு, சரி. ஏறுற ஆளும் சின்னதாவாகளா?"

"உனக்கென்னடி தெரியும் வள்ளத்தைப் பத்தி? தூக்கை வச்சிட்டுப் போ."

அவள் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளிடம் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொடுக்க வேண்டிய நாள் காலையில், சுடலை வருவதற்கு முன், நான் தனியாகத் தண்ணீரில் தள்ளிப் பார்த்தேன். உட்கார்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று ஒரு காலை மாற்றி வைத்ததும் வள்ளம் என்னைச் சேற்றில் உருட்டிவிட்டது. மறுபடி ஏறினேன். மறுபடி உருட்டியது. அகலம் மூன்று அடிகூட இல்லை, நானோ அதே ஐந்தரை அடி ஆள். சுலைகா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அகலப்படுத்த வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். இருபது நாள் வேலை. அதுகூடப் பரவாயில்லை. கோலிவாடாக்காரன் சிரிப்பானே, சுலைகா ஒன்றும் பேசாமல் பார்ப்பாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு சாக்கில் மணலைக் கட்டி உள்ளே கால் வைக்கும் பலகைக்குக் கீழே வைத்து மூடினேன். வள்ளம் சாதுவாக நின்றது.

சுடலை தேங்காய் உடைத்தான். கனகவள்ளி முன்பக்கத்தில் மஞ்சள் பூசினாள். இரண்டு பேரும் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். "தொட்டில் மாதிரி போவுது பாய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் சிரித்தேன்.

மறுநாள் கனகவள்ளி பட்டறைக்கு வந்தாள். கையில் இரண்டு சாக்கு, துவைத்து மடித்தது.

"பாய், வள்ளத்தைக் கரைக்கு இழுக்க முடியல, அம்புட்டுக் கனம். பலகையைத் தூக்கிப் பாத்தா உங்க மணல் மூட்டை. மறந்து வச்சிட்டிய போல. மணலைக் கொட்டிட்டு சாக்கை அலசிக் கொண்டாந்தேன்."

யா அல்லா, இதைவிடச் சுலபமாக யாருக்கு வாய்ப்பு கிடைக்கும்? ஒரே ஒரு வாக்கியம். "அது வேணும்னுதான் வச்சேன் தங்கச்சி, ஏறாதீங்க" என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. நான் அந்தச் சாக்குகளை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் அவளுக்கு டீயும் பன்னும் சொன்னேன்.

மூன்றாம் நாள் வலை வீச சுடலை எழுந்து நின்றான். வள்ளம் கவிழ்ந்தது. அவனுக்கு நீச்சல் தெரியும். கனகவள்ளி வள்ளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். கோலிவாடாக்காரர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். அந்தச் சாக்கடைத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். இரண்டு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி சுலைகாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

கனகவள்ளி வீடு திரும்பிய பிறகு சுடலை பட்டறைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். என்னை அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிருங்க பாய். உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றான். "குடிச்சிட்டு ஏறினேன்னு சொல்லுதாங்க. சத்தியமாக் குடிக்கல. காலு மறந்துட்டு பாய். பதினாறு வருஷம் தறிக்கு முன்னால நின்ன காலுக்குத் தண்ணி மறந்துட்டு. எம் பொண்டாட்டியை நானே முக்கிட்டேன்."

நான் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இனிமே தண்ணிப் பக்கமே போக மாட்டேன். வள்ளத்தை எம் மச்சினன் நயினாருக்குக் குடுத்துட்டேன். பாண்டுப்ல இருக்கான். நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கிடுவான். சின்ன வயசு, காலு நல்லா நிக்கும். ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு, அதுகளையும் ஏத்திக்கிட்டுப் போவணும்னு ஆசையா இருக்கான்."

இரண்டு பெண் பிள்ளைகள். உளியைக் கீழே வைத்தேன்.

"உங் காலு மறக்கலவே" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குட்டைக் கோல், சேற்றில் விழுந்தது, மூட்டைகள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அவன் மனைவி கொண்டுவந்த சாக்குகள் மூலையில் மடித்தபடியே கிடந்தன, அவற்றைப் பார்த்துச் சொன்னேன்.

முடித்ததும் அவன் கேட்டான். "அப்போ எங் காலு மறக்கலையா பாய்?"

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பிறகுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. என் சட்டையைப் பிடித்தான், விட்டான்.

"எங்கிட்டச் சொன்னதை அவகிட்ட வந்து சொல்லுங்க."

போனேன். கனகவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். வள்ளத்தை இன்றைக்கே பிரித்துப்போடுகிறேன், நயினார் அதைத் தொடக் கூடாது என்றேன். அவள் மூச்சை இழுத்து இழுத்துவிட்டுப் பேசினாள்.

"அன்னைக்கு எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்திய. வீட்டுக்கு வந்து இவருகிட்டச் சொன்னேன், அந்த பாய் எம்புட்டு நல்ல மனுசன்னு."