வெள்ளைக் கோட்டில் நின்ற டாக்சி

சிக்னல் கேமராவைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நான் மனுஷர்களைத்தான் திட்டுவேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

தொட்டியத்து வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்த காளியாயியை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்துவந்தேன். பின்னால் நர்ஸ் லிசி காற்றுப் பையை அமுக்கி அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புருஷன் வீரமலை. ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, காவிரிப் பாலம் முடிகிற இடத்தில் சிவப்பு விழுந்தது. இடப்பக்கம் பஸ். வலப்பக்கம் தடுப்புச் சுவர். முன்னால் ஒரு டாக்சி, வெள்ளைக் கோட்டை ஒட்டி நின்றது. சைரன் அலறியும் அசையவில்லை.

வீரமலை குதித்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கேமரா இருக்குங்க. ஏற்கெனவே ஒருக்கா சிவப்புல போனதுக்கு மூணு மாசம் லைசென்ஸ முடக்கி வச்சிருந்தாங்க. இன்னொருக்கா மாட்டினா பொழப்பே போச்சு" என்றான் டாக்சிக்காரன்.

"ஆம்புலன்சுக்கு வழிவிட்டேன்னு எழுதிக் குடுத்தா கேஸ தள்ளுபடி பண்ணிடுவாங்கப்பா!" என்று கத்தினேன்.

"அதுக்கு யாருங்க அலையுறது?"

வழிவிடாதவனுக்கும் அதே சட்டத்தில் அபராதம் உண்டு. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வீரமலை கதவைத் திறந்து சாவியை உருவினார்.

"பொழப்பா? இந்தாடா உன் பொழப்பு!"

சாவி பாலத்துச் சுவரைத் தாண்டிப் பறந்தது. அடுத்து அவன் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து, முகத்தைக் கார் கதவில் மோதினார். திரும்பத் திரும்ப மோதினார். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவனை நெஞ்சில் மிதித்தார், வாயில் மிதித்தார். இடுப்பைப் பிடித்து இழுத்த என்னையும் உதறினார். எனக்குமே அவனை ஒரு மிதி மிதிக்க ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பச்சை விழுந்தது. பஸ்காரர் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார். டாக்சிக்குச் சாவியில்லை. நானும் நாலு பேரும் முக்கி முக்கித் தள்ளினோம். அது நகர்வதற்குள் மறுபடி சிவப்பு, குறுக்கே வண்டிகள் பாய்ந்தன. அப்போதுதான் வீரமலைக்கு உறைத்தது. சுவரில் ஏறி, "சாவி... சாவி..." என்று கீழே இருட்டுப் புதரைப் பார்த்து அலறினார்.

லிசி வண்டியிலிருந்து இறங்கினாள். கையில் பை இல்லை. நேராக டாக்சிக்காரனிடம் போய் மண்டியிட்டு, நாடி பிடித்துப் பார்த்தாள்.

"இவர ஏத்துங்கண்ணே."

வீரமலை ஓடிவந்தார். "உள்ள எம் பொண்டாட்டி இருக்காம்மா!"

"அவங்க போயிட்டாங்க" என்றாள் லிசி. "இவருக்கு இன்னும் மூச்சு இருக்கு. கால நீங்க பிடிங்க."