மூன்றாவது பத்தி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு தானாகவே வெளியாகிவிட்டது. அதில் தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவள் அதைப் பார்த்தபோது பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உட்காருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் போனைத் திறந்தாள்.

தலைப்பு, ‘என் வலைப்பதிவுப் பயணம்’. கீழே அந்த வரி: ‘உள்ரூம் விஷயம் எழுதலாமா? அம்மா இருக்கிற வரை வேண்டாம்.’

தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு அது.

அவளுடைய வலைப்பூவின் பெயர் ‘அடுத்தவர் வரலாம்’. அவள் பெயரும் அங்கே அதுதான். அதைப் போன்ற நூற்றுக்கணக்கான வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி ஒன்று உண்டு. அதில் வாரம் ஒருவர் நட்சத்திரப் பதிவர். நட்சத்திரமாகிறவர் எழுத வந்த கதையை முதல் பதிவாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை வரிசையில் ஏற்றாவிட்டால் வாரம் வேறொருவருக்குப் போய்விடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, தலைப்பையும் குறிப்பையும் மட்டும் ஏற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. குழாய்க்காரரைப் பிடிப்பதும் தண்ணீரை வழிப்பதுமாக நாள் போயிற்று. துண்டு போட்ட நினைவே இல்லை.

வாசகர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

‘அருமையான பதிவு. பகிர்வுக்கு நன்றி.’

‘நட்சத்திர வாழ்த்துகள். பிறகு வந்து படிக்கிறேன்.’ இவருக்காவது மனசாட்சி இருக்கிறது என்று நினைத்தாள்.

‘எளிய நடை. அளவான சொற்கள்.’ இதை மறுக்க முடியவில்லை.

‘அம்மா என்றாலே கண் கலங்கிவிடுகிறது.’

கடைசியாக, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர்: ‘மூன்றாவது பத்தியில் என்னையே பார்த்தேன்.’

அவள் பக்கத்தை விரலால் மேலே தள்ளினாள். ஒருவேளை இருக்குமோ என்று. இல்லை.

"என்ன மேடம், பேஷண்ட் முகத்தை விட உங்க முகம் மோசமா இருக்கு" என்றாள் சிஸ்டர். டாக்டருக்கு உதவியாக உள்ளே நிற்பவள். கையுறையைக் கழற்றாமல் வெளியே வந்திருந்தாள்.

"ஒண்ணுமே எழுதாம பேர் வாங்கிட்டேன் சிஸ்டர்."

"அதுக்கா இந்தச் சோகம்? நான் பொறந்ததுலேர்ந்து ஒண்ணும் எழுதல. எனக்கு ஒரு ஆள் பேர் தரல."

போனைக் காட்டினாள். சிஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப இந்த ஆளு எந்தப் பத்தியைச் சொல்றாரு?"

"அதைத்தான் நானும் தேடிட்டு இருக்கேன்."

"விடுங்க. நீங்க மட்டும் அவங்க எழுதறதை எல்லாம் கரைச்சுக் குடிச்சுட்டா பாராட்டறீங்க?"

போன வாரம் வங்கி மேலாளரின் மலைப்பயணப் பதிவுக்கு ‘நேரில் போய்வந்தது போல் இருந்தது’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது. படம் மட்டும் பார்த்திருந்தாள். போனை மூடினாள்.

கன்னத்தைப் பிடித்திருந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, பதிவைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தாள். குறிப்பை அழித்துவிட்டு நாலு பத்தி எழுத வேண்டும். சிறு வயதிலிருந்தே தமிழார்வம், வாசிப்புப் பழக்கம், நண்பர்களின் ஊக்கம். எல்லோரும் எழுதுவதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவாள்.

விரல் நின்றது.

இப்படியே கிடக்கட்டும் என்று தோன்றியது. சாயங்காலம் வரை கிடக்கட்டும். இத்தனை பேரில் ஒரே ஒரு ஆளாவது ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்று கேட்கட்டும். கேட்டால் உட்கார்ந்து ஒழுங்காக எழுதுவது. கேட்காவிட்டால் வலைப்பூவை மூடிவிடுவது. இத்தனை வருடமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அந்த வரியை அம்மா பார்த்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. அம்மாவுக்குப் போன் மாத்திரை நேரத்தை நினைவூட்ட. வேறு எதற்கும் இல்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திரட்டியின் தொகுப்பாளர் கூப்பிட்டார்.

"மேடம், கலக்கிட்டீங்க. திரட்டியே அதிருது."

"படிச்சீங்களா சார்?"

"படிக்காமலா? சும்மா நச்சுன்னு இருக்கு."

"எந்த இடம் பிடிச்சுது?"

"எதைச் சொல்றது, எதை விடறது? முக்கியமா அந்த முடிவு."

"முடிவும் ஆரம்பமும் ஒரே வரியில இருக்கு சார்."

"அதான் மேடம். அதான் உங்க ஸ்டைல்."

அவள் டப்பாவை மூடிவிட்டாள். பசி போய்விட்டது.

இவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

வலைப்பூ தொடங்கியது, சில வருடங்களுக்கு முன்பு கணவனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்த காலத்தில். மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அழைப்பு மணி அடித்தால் அவள் உள்ரூமுக்குப் போய்விட வேண்டும். அம்மா அவளுடைய செருப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். உள்ளே இருமக் கூடாது. மின்விசிறி போடக் கூடாது. "பொண்ணு எப்ப வர்றா?" என்று யாராவது கேட்பார்கள். "லீவு கிடைக்கலையாம்" என்று அம்மா சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும்.

தட்டச்சு செய்தால் சத்தம் வராது. அப்படித்தான் எழுத ஆரம்பித்தாள். எதையாவது. அடுத்த வீட்டு மாடியில் காயும் துணியைப் பற்றி, பழைய பள்ளிக்கூட மணியைப் பற்றி. ஒரு நாள் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். ‘புதுசா? வாங்க, வாங்க.’ அவ்வளவுதான். பல மாதங்களாக அவளை யாரும் வாங்க என்று சொல்லியிருக்கவில்லை. படித்துவிட்டுச் சொன்னார்களா, படிக்காமல் சொன்னார்களா என்று அன்றைக்கு அவள் யோசிக்கவும் இல்லை.

பிறகு இந்த வேலை கிடைத்தது. வெளியே போகும் பெண்ணை வெளிநாட்டில் வைத்திருக்க முடியாது. அம்மா பேச்சை மாற்றிக்கொண்டாள். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறந்தாள். கருத்துகள் அறுபதைத் தாண்டியிருந்தன. அத்தனையும் அருமை. பெயர் போடாதவர்கள் எழுதுவது மட்டும் அவள் அனுமதிக்காமல் வெளியே வராது. அந்த வரிசையில் ஒன்று காத்திருந்தது.

‘ஒரு வரிதானே இருக்கு. மீதி எங்கே?’

கேட்ட விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. பெயரில்லாத அந்த அனானி. வருடக்கணக்கில் உயிரை எடுக்கும் ஆள். எப்போதோ ஒரு பதிவில், மருத்துவமனைப் பின்கதவுக்கு ஒரு பூனை வரும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாள். பதிவு பூனையைப் பற்றியதே அல்ல. அதன் பிறகு எதை எழுதினாலும் கீழே அந்த ஆள் வந்து நிற்கும். ‘அந்தப் பூனை என்ன ஆச்சு?’ தனிமையைப் பற்றி உருகி உருகி எழுதினாள். ‘எல்லாம் சரி, பூனை?’ அழித்தாள். மறுபடி கேட்டது. மறுபடி அழித்தாள்.

ஒரு ஆளாவது கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். இந்த ஆள் வேண்டும் என்று நினைக்கவில்லை.

ஆனால் பேச்சு என்றால் பேச்சு. இனி எழுதியாக வேண்டும். எதை எழுதுவது என்பதில்தான் மறுபடி வந்து முட்டிக்கொண்டது. தமிழார்வம் என்று எழுதினால் அறுபது பேருக்குப் போதும். மீதி எங்கே என்று கேட்டவருக்குப் போதாது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றி, பழக்கத்தில் அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"வெளியவே விடேன். எத்தனை தடவை சொல்றது" என்றாள் அம்மா, கூடத்து நாற்காலியிலிருந்து. "குழாய் மறுபடி ஒழுகுது. நேத்து வந்தவன் காசை வாங்கிட்டு ஒழுங்கா முடுக்கல."

"நாளைக்குக் கூப்பிடறேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தலைவலி."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாய்க்கு அடியில் வாளியை வைத்தாள். சொட்டு விழும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் பூனை கடைசியில என்னதான்டி ஆச்சு?"

அவள் வாளியைப் பிடித்தபடியே நின்றாள்.

"எந்தப் பூனை?"

"உங்க ஆஸ்பத்திரி பின்கதவுக்கு வருமே, அது. கேட்டா பதில் போடறது இல்ல. கேட்டதையும் அழிச்சுடற."

கூடத்துக்கு வந்தாள். அம்மாவின் மடியில் போன் இருந்தது. திரைக்கு நாலு சொல் என்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். ‘அம்மா இருக்கிற வரை’ மட்டும் தெரிந்தது.

"எத்தனை நாளா படிக்கிற?"

"போன் வாங்கினதுலேர்ந்து. நீதானே ஒரு நாள் உன் பக்கத்தைத் திறந்தபடியே வெச்சுட்டுப் போன. பழசையும் முதல்லேர்ந்து படிச்சேன். வேற என்ன வேலை எனக்கு?"

"பேரைப் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ போட்டியா?"

அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தமிழார்வத்துல எழுத வந்தேன்னு ஒரு தடவை எழுதியிருந்த. சிரிச்சுட்டேன். ஸ்கூல்ல உனக்கு மார்க் கம்மியே தமிழ்லதான்."

"அம்மா, அந்த வரி தெரியாம வெளிய வந்துடுச்சு. இப்பவே எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கற?" அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவை ஓரத்தில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "காலையிலேர்ந்து பார்க்கறேன். வர்றவன் எல்லாம் அருமைங்கறான். கண்ணு கலங்குதுங்கறான். ஒருத்தன், மூணாவது பத்திங்கறான். எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

சமையலறையில் வாளிக்குள் சொட்டு விழுந்தது.

"நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு போட்டிருக்க. சரி, நான் போனப்புறம் எழுதினா, யாருடி அதைப் படிப்பா?"