கோணல் பிரிண்ட்

மதுமதியின் கட்டுரையைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். சென்னை இணைய இதழ் ஒன்றுக்கு இசை, இளைஞர்கள் என்று வருடக்கணக்காக எழுதிக் கொட்டுகிறேன். அங்கே இப்போது ஒரே ஒரு நிரந்தர வேலை காலி. நானும் கேட்டிருக்கிறேன், மதுமதியும் கேட்டிருக்கிறாள். அந்த மகாராணி சென்னையிலிருந்து வந்து, மண்ணரை டீக்கடையில் மண்டையோடு போட்ட கறுப்பு டீ-சர்ட்டில் நின்ற பையன்களைப் பார்த்து, ‘பனியன் ஊரின் மெட்டல் இசைப் பிள்ளைகள்’ என்று அதே இதழில் எழுதிவிட்டாள். ஊரே பகிர்ந்தது. என் அம்மாவே எனக்கு அனுப்பினாள்!

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்தது. அடி பைத்தியக்காரி! அது எக்ஸ்போர்ட்டில் கழித்த சரக்கு. பிரிண்ட் விலகினால் வெளிநாட்டுக்காரன் எடுக்க மாட்டான். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்வார்கள். மேலே இருப்பது எந்த பேண்ட், எந்த இசைக்குழு என்று போட்டிருப்பவனுக்கே தெரியாது. இது திருப்பூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு வந்ததும் இதழாசிரியர் சரவணக்குமாருக்கு போன் போட்டேன்.

"ஏனுங்க சார், அது சுத்தப் புருடாங்க. அந்தப் பசங்க அந்தப் பாட்டக் கேட்டதே இல்லீங்க."

"அப்படீங்களா? பையன் வாயால சொல்ற வீடியோ அனுப்புங்க கோமளா. அப்பறம் வேலை யாருக்குன்னு பேசலாம்."

மாலையில் மண்ணரைக்குப் போனேன். கட்டுரைப் படத்தில் இருந்த ஜெபக்குமார் அதே டீ-சர்ட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பனியன் கம்பெனி அயர்னிங்கில் வேலை. செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

"இதுல இருக்கற பேண்டு யாருன்னு தெரியுமா கண்ணு?"

"அன்னைக்குத் தெரியாதுக்கா. அந்த அக்கா கேட்டப்ப சும்மா தலையாட்டிட்டேன்."

மாட்டினாயா மதுமதி!

"அந்தக் கட்டுரை வந்ததும் எல்லாரும் விசாரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. மானம் போகுதேன்னு அந்தப் பாட்டத் தேடிப் பிடிச்சுக் கேட்டோம். அதுக்குப் பெறவு விட முடியலக்கா. இப்ப நாங்களே வாசிக்கோம். இருங்க."

சர்ச்சில் வாசிக்கிற கிட்டாரை அறையிலிருந்து எடுத்துவந்தான். கூட்டாளி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். ஜெபக்குமார் தொண்டை கிழியப் பாடினான். ஐயோ, நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்க எப்படிக்கா இந்தப் பாட்டுக்கெல்லாம் வந்தீங்க?" என்றான்.

வீடியோவை நிறுத்தினேன். பத்தாவது படிக்கும்போது அப்பா கம்பெனி செக்கிங்கிலிருந்து இதே மாதிரி பேண்ட் படம் போட்ட ஒரு டீ-சர்ட் கொண்டுவந்தார். பிரிண்ட் கோணல் என்று கழித்தது. யார்டி இவங்க என்று தோழி கேட்டாள். வெட்கமாகிவிட்டது, தேடிப்போய்க் கேட்டேன். என் எழுத்தெல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான். கௌரவக் குறைச்சல் என்று அதை மட்டும் நான் எழுதவே இல்லை. நான் போட்டுக் கிழித்த கதையை, என்ன சரக்கென்றே தெரியாத ஒருத்தி அள்ளிக்கொண்டு போய்விட்டாளே!

சரவணக்குமார் கூப்பிட்டார். "வீடியோ கெடச்சுதுங்களா? அவ எழுதுனது பொய்தானுங்களே?"

தலையாட்டினேன் என்று பையன் சொன்னதோடு வெட்டி அனுப்பினால் வேலை எனக்கு. பாட்டோடு அனுப்பினால் அவளுக்கு. ஜெபக்குமார் அடுத்த பாட்டுக்குக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"முழுசா அனுப்பறனுங்க சார். சத்தத்தக் கூட்டி வெச்சுக் கேளுங்க."

அனுப்பிவிட்டேன். வயிறு இன்னும் எரிகிறது.