சுருள் குழாய்க்குப் போட்ட சட்டை

நெருப்பை அடக்கியவனே உலகை ஆள்வான் என்று எங்கள் மேலாளர் பாய்லர் முன்னால் நின்று முழங்கினார். அவர் ஆண்ட பாய்லரில் அந்த மாதம் இரண்டு பிரஷர் சென்சார்கள் வெந்துபோயிருந்தன.

“மூணாவதும் போச்சுன்னா நீயும் கிளம்பிடு,” என்று, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் அக்காவிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

அக்கா புது சென்சாரோடு ஏணி ஏறினாள். இரண்டு தடவையும் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டாள். இன்றுதான் அதற்கு முன்னால் இருக்கும் சுருள் குழாயைப் பார்த்தாள். அந்தக் குழாய் காற்று பட்டு ஆறினால்தான் உள்ளே நீராவி தண்ணீராகி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சென்சாரைச் சூடு அண்டாமல் காக்கும். போன மாதம் பார்வையாளர்கள் வந்தபோது, அழகுக்காக அதற்கும் கம்பளி சுற்றிப் பளபளவென்று தகடு போட்டிருந்தார்கள்.

“ஜுரக்காரனுக்கு ஸ்வெட்டர் மாட்டியிருக்காங்கடா!”

“கழட்டாதீங்கக்கா, அழகு போச்சுன்னு கத்துவாரு,” என்றான் கீழே நின்ற ஆபரேட்டர்.

“அழகு இருக்கும், நான் இருக்கமாட்டேனே!”

வால்வை மூடி, எல்லாவற்றையும் உரித்துக் கீழே போட்டாள். சுருளில் தண்ணீர் நிரப்பி, சென்சாரை மாட்டி, வால்வைத் திறந்தாள். சாயங்காலம் வரை காத்திருந்து சென்சாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புதான்.

“அப்பாடா,” என்று ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் வந்து பார்த்தார். “நான் சொன்னபடி நெருப்பை அடக்கிட்டோம், பாத்தியா?”

அவர் காலடியில் கிடந்த தகட்டில், ‘அனுமதியின்றிக் கழற்றக் கூடாது’ என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது.