இரண்டாயிரத்து ஐம்பதாம் பதிப்பு

விழாவின் கைதட்டல் ஓய்வதற்குள் நகரத்து லிஃப்டுகள் ஒவ்வொன்றாகத் தரைத்தளத்துக்கு இறங்கி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றுவிட்டன. கைதட்டியவர்களுக்கு அது தெரியாது. லிஃப்ட் கம்பெனி எம்.டி.க்கும் தெரியாது. பூங்கொத்தை எந்தக் கையில் பிடித்தால் கைக்கடிகாரம் புகைப்படத்தில் விழும் என்ற ஆராய்ச்சியில் அவர் இருந்தார்.

முதலில் தெரிந்தது பில்டக்காவுக்குத்தான். அவளுக்கும் கணினித் திரை சொல்லவில்லை, மாமியார் போன் செய்து சொன்னார்.

"ஏம்மா, உங்க கம்பெனி லிஃப்ட் மேல வரமாட்டேங்குது. பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சுபோச்சு. காலோட சேத்து இதுக்கும் ஒரு மாவுக்கட்டு போடச் சொல்லணும்."

மாமியார் இருந்தது பில்டக்காவின் வீட்டில், ஏழாவது மாடியில். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டோடு, கூடத்துச் சோபாவைத் தலைமைச் செயலகமாக்கி அங்கிருந்து குடும்பத்தை நிர்வகித்துவந்தார். கட்டைப் பிரிக்க இன்றைக்குத்தான் நாள். மதியத்தோடு டாக்டர் நீண்ட விடுப்பில் போகிறார். கட்டைப் பிரித்ததும் மாமியார் மகள் வீட்டுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இந்த நாளை மாமியாரும் மருமகளும் ஒரே ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள். காரணத்தை மட்டும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

லீவு போட்டுவிட்டு வந்திருந்த கணவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கலாமே என்று பில்டக்கா கேட்டதற்கு, அவன் தன்னையே தூக்கிக்கொண்டு இறங்க மாட்டான் என்று மாமியார் பதில் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பில்டக்கா திரையைத் திறந்தாள். எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை: 2050.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. சம்பளச்சீட்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. லிஃப்டை இயக்கும் மென்பொருளை மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதியதை 'பில்ட்' செய்து, அதாவது கட்டி முடித்து, பதிப்பு எண் போட்டு, ஊரெங்கும் உள்ள லிஃப்டுகளுக்கு அனுப்பும் பைப்லைன் என்ற தானியங்கி ஏற்பாடு அவள் பொறுப்பு. முன்பு எண்ணை ஆளாளுக்குக் கையால் எழுதினார்கள். ஒருவர் மறந்தார், ஒருவர் பழையதையே போட்டார், ஒருவர் தன் பிறந்தநாளைப் போட்டார். பில்டக்கா மல்லுக்கட்டி அதை மாற்றினாள். நிரல் களஞ்சியத்தில் முடிந்த வேலையின் மேல் எண்ணோடு ஒரு டேக், பெயர்ச்சீட்டு மாதிரி, ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். டேக்கில் என்ன எண்ணோ அதுவே பதிப்பு. டேக்கைக் கண்டதும் பைப்லைன் தானாக எழுந்து எல்லாவற்றையும் செய்யும். கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத ஒரே ஊழியர் என்று எம்.டி. அதைப் பாராட்டியிருக்கிறார்.

லிஃப்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டே விதிகள். கையில் இருப்பதைவிடச் சிறிய எண் வந்தால் வாங்காது. முதல் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணே ஏறியிருந்தால், பிரேக்கிலோ கயிற்றிலோ பெரிய மாற்றம் என்று பொருள். ஆட்கள் இறங்கும்வரை காத்திருந்து, தரைத்தளம் சேர்ந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மெக்கானிக் நேரில் வந்து சாவி திருப்பும்வரை நகராது.

இந்தத் தடவை வந்த மாற்றம், லிஃப்டுக்குள் ஒளிரும் கம்பெனிச் சின்னம் நீலத்திலிருந்து தங்க நிறத்துக்குப் போனதுதான். அதற்கு 4.2.0 போதும். ஆனால் போட்டிக் கம்பெனி ஒன்பதாம் பதிப்பில் இருந்தது. நாலு என்று சொல்லவே எம்.டி.க்கு நாக்கூசியது. விழா வைக்க வேண்டும், டேக்கைத் தன் கையாலேயே ஒட்ட வேண்டும் என்றார். வெளியீடு தலைமையின் பொறுப்பு என்று சுற்றறிக்கை விட்டு, டேக் ஒட்டும் உரிமையை மற்ற எல்லோரிடமிருந்தும் பறித்துக்கொண்டார். மேடையில் இரண்டாயிரத்து ஐம்பதை நோக்கி நிறுவனத்தை நடத்திச் செல்வதாக முழங்கினார். முழங்கிய சூட்டில், என்ன அடிக்க வேண்டும் என்று பில்டக்கா எழுதி ஒட்டியிருந்ததைப் பார்க்காமல், முழங்கியதையே அடித்தார்.

நாலிலிருந்து இரண்டாயிரத்து ஐம்பதுக்கு ஒரே தாவலில் போன பெட்டிகள், உலகமே மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அடக்கமாகக் கீழே போய் நின்றன. சாவி திருப்பக் கம்பெனியிடம் இருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே வேனில் அடங்கிவிடுவார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. அவசரக் கூட்டம் என்றால் பிஸ்கட் கிடையாது, டீ மட்டும். கம்பெனி இருந்தது வாடகைக் கட்டடம். அங்கே ஓடிய லிஃப்ட் போட்டிக் கம்பெனியுடையது, அது வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தது. அதனால் அறையில் யாருக்கும் அவசரம் உறைக்கவில்லை. பில்டக்காவால் மட்டும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள், திரும்பத் தள்ளினாள். பேனா மூடியைக் கடித்தாள். அது தரக்கட்டுப்பாட்டுத் தலைவருடைய பேனா என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தலைவர் முதலில் நினைத்தபடி நாலு புள்ளி இரண்டையே அனுப்பிவிடலாம் என்றார். சிறிய எண்ணைப் பெட்டி வாங்காது என்றாள் பில்டக்கா.

"நாம சொன்னாக்கூடவா வாங்காது?"

"பெட்டிக்கு நாம யாருன்னு தெரியாது சார். எண்ணு மட்டும்தான் தெரியும்."

வழி ஒன்றுதான் இருந்தது. நாலும் இரண்டாயிரத்து ஐம்பதும் ஒரே தலைமுறைதான், பயப்படாதே என்று பெட்டிக்குச் சொல்லும் ஒரு வரியை அவள் நிரலில் சேர்த்து, சோதித்தும் பார்த்துவிட்டாள். அதன்மேல் 2050.0.1 என்று டேக் ஒட்டினால் போதும். முதல் எண் மாறாது, கடைசியில் ஒன்று மட்டும் கூடும். பெட்டி வாங்கிக்கொண்டு எழுந்துவிடும்.

விளம்பர அதிகாரி முகம் சுளித்தார். கடைசியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ரிப்பேர் செய்த மாதிரித் தெரியும் என்றார். ரிப்பேர்தான் செய்கிறோம் என்று பில்டக்கா சொன்னது குறிப்பேட்டில் ஏறவில்லை. இரண்டாயிரத்து ஐம்பத்தொன்று என்று போடலாமே, காலையிலிருந்து மதியத்துக்குள் ஓராண்டு முன்னேறியதாக இருக்கும் என்றார் எம்.டி. எல்லோரும் தலையாட்டினார்கள். போட்டால் முதல் எண் மாறும், எல்லா லிஃப்டும் மறுபடி கீழே போய் உட்கார்ந்துவிடும் என்று அவள் விளக்கினாள். எல்லோரும் அதற்கும் தலையாட்டினார்கள். பிறகு, எந்த எண் கம்பெனிக்கு ராசி என்ற விவாதம் தொடங்கியது.

போன் அதிர்ந்தது, மாமியார்தான். எடுத்தாள், வெளியே போகப் பொறுமையில்லாமல் மேசைக்கடியில் குனிந்தபடியே, சரியான எண்ணைச் சொல்லிவிட்டேன், இவர்கள்தான் போடவில்லை என்று கிசுகிசுத்துவிட்டுக் கேட்டாள். டாக்டரின் உதவியாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாராம், அதற்குமேல் கட்டு அடுத்த மாதம்தானாம். அதோடு மாமியார் புதிதாக ஒன்றும் சொன்னார். கட்டைப் பிரித்தாலும் கால் உடனே நிற்காது என்கிறார்கள். அதனால் மகள் வீட்டுப் பயணத்தைத் தள்ளிவைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேயே திரும்பி, நன்றாக நடக்கிறவரை இருந்துவிட்டுப் போவதாக யோசனை. பில்டக்கா நிமிர்ந்தபோது மேசை விளிம்பு தலையில் இடித்தது.

"யாரு, கஸ்டமரா?" என்றார் எம்.டி.

"ஆமா சார். ஏழாவது மாடி."

கஸ்டமரிடம் தானே பேசுவதாக எம்.டி. கையை நீட்டினார். விளம்பர அதிகாரி அந்தக் கருணையைக் குறித்துக்கொண்டார். பில்டக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"அம்மா, நான் எம்.டி. பேசறேன். உங்க லிஃப்ட் இன்னைக்கு ஒரு புதிய யுகத்துக்குள்ள போயிருக்கு."

"போகட்டும் தம்பி. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். லிஃப்டுல அப்படி என்னதான் மாத்தினீங்க?"

எம்.டி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ளே நம்ம சின்னம் இனிமே தங்க நிறத்துல தெரியும்மா."

"அதை உள்ள வந்துதானே தம்பி பாக்கணும்?"

தரக்கட்டுப்பாட்டுத் தலைவருக்கு இருமல் வந்தது. மாமியார் விடவில்லை. கால் முறிந்த கிழவியை மேலே வைத்துவிட்டுக் கீழே கதவைத் திறந்து காற்று வாங்கும் லிஃப்டைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றும், மருமகள் வேலை பார்க்கும் கம்பெனி என்பதால்தான் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதாகவும் சொன்னார்.

"என் மருமக ஏதோ எண்ணு சொன்னாளே, அதைப் போட்டுத் தொலைங்க தம்பி. அவ வாயைத் திறந்தா தப்பா எதுவும் சொல்ல மாட்டா. சமையல் விஷயத்தைத் தவிர."

பில்டக்கா சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டாள். டேக் பெட்டிக்கு மட்டும்தான், போஸ்டரில் நீங்கள் எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதைப் பெட்டி படிக்காது என்றாள். எம்.டி.யின் முகம் தெளிந்தது. மேடைக் கணினியைக் கொண்டுவரச் சொல்லி, அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடித்தார். கடைசி ஒன்றுக்கு முன்னால் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. ஸ்பீக்கரிலிருந்து, "என்ன தம்பி, ஆச்சா?" என்று கேட்டது. அடித்துவிட்டார்.

பைப்லைன் எழுந்தது. பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பில்டக்கா நின்றபடி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறிப் பார்த்தாள். ஊர் முழுக்க லிஃப்டுகள் கதவை மூடிக்கொண்டு மேலே கிளம்பின. ஏழாவது மாடியிலும் மணி அடித்தது. தங்கச் சின்னம் பித்தளைக் கலராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே ஏறினார்.

பில்டக்கா உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக நாற்காலியின் முதுகில் சாய்ந்தாள். பிறகு விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். டாக்டர் இருப்பார். கட்டு பிரியும். அதன்பிறகு மாமியார் இதே லிஃப்டில் இதே சோபாவுக்குத் திரும்பி வருவார்.

அப்போது புகைப்படக்காரர் எட்டிப்பார்த்தார். காலையில் எடுத்த எல்லாப் படத்திலும் எம்.டி. கண்ணை மூடியிருக்கிறாராம். கணினிதான் இங்கேயே இருக்கிறதே, அடிக்கிற மாதிரி ஒரு போஸ் கொடுத்தால் போதும் என்றார். எம்.டி. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பில்டக்கா எழுந்து ஒரு எட்டு வைப்பதற்குள், போஸ்டருக்கென்று மனதில் வைத்திருந்த இரண்டாயிரத்து ஐம்பத்தொன்றைச் சும்மா அடித்தார்.

"நிஜமா அழுத்தற மாதிரி இருக்கணும் சார்," என்றார் புகைப்படக்காரர்.

எம்.டி. நிஜமாகவே அழுத்தினார். இந்தத் தடவை கண் நன்றாகத் திறந்திருந்தது.

சற்று நேரத்தில் கணவர் பேசினார். அம்மா கீழே இறங்கி டாக்ஸியில் ஏறியாயிற்று. ஆனால் லிஃப்ட் மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு அப்படியே நிற்கிறது. கட்டுப் பிரித்த காலோடு படியேறவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் முன்பே எச்சரித்திருக்கிறார்கள். இன்றைக்குள் சரியாகுமா என்று கேட்டார். ஆகாவிட்டால் அம்மா அங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அவள் வீடு தரைத்தளம், படியே கிடையாது.

பில்டக்கா ஜன்னலருகே போய் நின்றாள். என்ன வரியைச் சேர்க்க வேண்டும், எந்த எண்ணை ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எம்.டி. இந்தத் தடவை தானாகவே கணினி முன்னால் உட்கார்ந்து, விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, என்ன நம்பர் அடிக்கணும்?" என்றார்.

அவள் நிதானமாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரப்பட வேண்டாம் சார். காலையில அவசரத்துலதான் தப்பு நடந்துச்சு. குழுவைக் கூட்டுங்க, முறைப்படி பேசியே முடிவெடுப்போம்."

எம்.டி. அவளை மெச்சும் கண்ணோடு பார்த்தார். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் புதுப் பேனா எடுத்தார். பில்டக்கா டீ கொண்டுவரச் சொன்னாள். இந்தத் தடவை பிஸ்கட்டும்.